தையல் தெரியாத பேட்ச்

2006 நவம்பரில் வெளியான ஒரு கணினி விளையாட்டில் சென்னை சூப்பர் கிங்ஸ் ஆடுகிறது. ஐபிஎல் தொடங்கியதோ 2008 ஏப்ரலில். இந்தக் கணக்கு மற்றவர்களுக்கு இடிக்கலாம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் 2010-ஐ ஒட்டிப் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு இடிக்காது. ஈஏ ஸ்போர்ட்ஸின் ‘கிரிக்கெட் 07’ அவர்களில் பலர் கண்ணில் முதன்முதலாகப் பட்டதே மஞ்சள் சட்டையோடுதான். அந்தச் சட்டையை ஈஏ போட்டுவிடவில்லை. யாரோ ஒரு ரசிகர் ராத்திரி கண்விழித்து, காசு வாங்காமல் போட்டுவிட்டார்.

அதற்குப் பெயர் பேட்ச். ஐபிஎல் ஏலம் முடிந்த கையோடு பிரவுசிங் சென்டருக்குள் நுழையும் பையன், “பாய், இந்த வருஷ பேட்ச் வந்துடுச்சா?” என்பான். “நைட்டு டவுன்லோட் போட்டு விட்டிருக்கேன், நாளைக்கு வா” என்று பதில் வரும். மறுநாள் வீரர்கள் புது அணிகளில் இருப்பார்கள், மட்டையில் புது ஸ்டிக்கர் இருக்கும், தொலைக்காட்சியில் வரும் அதே ஸ்கோர் பட்டை திரையின் அடியில் ஓடும். சென்னை அணி தடையில் கிடந்த 2016, 2017 பருவங்களில்கூடப் பழைய பேட்ச் வைத்திருந்தவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை.

விளையாட்டை உருவாக்கியது கனடாவின் நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த எச்பி ஸ்டுடியோஸ். இந்திய அணிக்கு உரிமம் இல்லாததால் நம் ஆட்டக்காரர்களின் பெயர்கள் வேண்டுமென்றே எழுத்து மாற்றப்பட்டு வந்தன. வெளியார் கைவைத்துத் திருத்த எந்தக் கருவியும் கொடுக்கப்படவில்லை. சட்டை, முகம், மைதானம் எல்லாம் ‘பிக்’ என்று முடியும் பெரிய கோப்புகளுக்குள் அடைபட்டுக் கிடந்தன. அதற்குள்ளே போனால் ‘எஃப்எஸ்எச்’ என்று ஈஏ தன் விளையாட்டுகளுக்கென்று வைத்திருந்த ஒரு பட வடிவம்; சாதாரணப் பட மென்பொருளில் அது திறக்காது. ஈஏவின் மற்ற விளையாட்டுகளை நோண்டிக்கொண்டிருந்த ரசிகர்கள் அதைப் பிரிக்கும் வழியை ஏற்கனவே கண்டிருந்தார்கள். அவர்கள் செய்த கருவிகளைக் கிரிக்கெட் ரசிகர்கள் எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஆட்டக்காரர் பட்டியலைத் திருத்த ஒன்று, போட்டி அட்டவணையை மாற்ற ஒன்று என்று தாங்களே எழுதிக்கொண்டார்கள்.

பேட்ச் போட்டவருக்குக் கைதட்டல் கிடைக்கும். கோப்பைப் பிரிக்கும் கருவியை எழுதியவரை யாரும் நினைப்பதில்லை. என்னைக் கேட்டால் மூத்த கலைஞர் அவர்தான். எந்த பைட்டில் படத்தின் அகலம் எழுதியிருக்கிறது, எங்கே நிறப்பட்டியல் தொடங்குகிறது என்று எண்களை மட்டுமே பார்த்து ஊகிக்க வேண்டும். ஓர் எண்ணை மாற்று, விளையாட்டைத் திற, என்ன கெட்டது என்று பார், மூடு, அடுத்த எண்ணுக்குப் போ. அந்தப் பொறுமைக்கு ஒரு திரைக்காட்சியும் கிடையாது.

சட்டை வேலையின் நுட்பத்தை, ஷூ வேலை பழகிய எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஷூ கம்பெனியில் புது மாடலுக்கு பேட்டர்ன் எடுப்பவர் கால் வடிவக் கட்டையான லாஸ்ட்டின் மேல் டேப்பைச் சுற்றி ஒட்டுவார்; அதன்மேல் கோடு வரைவார்; பிறகு டேப்பைக் கீறி உரித்துத் தட்டையாக்குவார். வளைந்த பாதம் தட்டையான துண்டுகளாகிவிடும். அந்த அளவில் வெட்டிய தோல் திரும்பவும் கட்டையின் மேல் ஏறி உட்கார வேண்டும், சுருக்கம் இல்லாமல். விளையாட்டில் வரும் ஆட்டக்காரனின் உடம்பும் இப்படித்தான் உரித்து ஒரு சதுரப் படமாக வைக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சதுரத்தில் மஞ்சளைப் பூசி, விளம்பரதாரரான ஏர்செல்லின் எழுத்தை நெஞ்சுக்கு வரும் இடத்தில் வைக்க வேண்டும். விளிம்பை நெருங்கினால் எழுத்து அக்குளுக்குள் இழுபடும். முதுகில் எண்ணை விரல்கடை அளவு தள்ளி வைத்தாலும் பந்துவீச்சாளர் திரும்பும்போது கோணலாகத் தெரியும். ஷூ கம்பெனிக்காரரிடம் கட்டை இருக்கிறது. தப்பு வந்தால் தொட்டுப் பார்த்துக்கொள்வார். பேட்ச் போடுகிறவருக்கு உரித்த தோல் மட்டும்தான் கிடைக்கும். கட்டை பூட்டிய அறைக்குள் இருக்கிறது.

நல்ல பேட்ச்சை அடையாளம் காண எனக்கு ஒரு வழி உண்டு. தொடக்கத் திரையை விட்டுவிட்டு நாலாவது ஓவரில் பார்க்க வேண்டும். தொடக்கத் திரையில் எல்லோரும் வாணவேடிக்கை விடுவார்கள். பேட்ச் போட்டவரின் பெயர் தோனியின் படத்தைவிடப் பெரிதாக இருக்கும். நாலாவது ஓவரில் விக்கெட் விழுந்து, ஆடியவர் வெளியேறி, அடுத்தவர் உள்ளே வரும்போது, ஸ்கோர் பட்டையில் பெயர் சரியாக உட்காருகிறதா, நடுவரின் சட்டை பழைய விளையாட்டிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கிறதா, எல்லைக்கோட்டு விளம்பரப் பலகையில் மங்கல் இருக்கிறதா என்று கவனியுங்கள். கவனிக்க எதுவுமே இல்லையென்றால் அது உயர்ந்த வேலை.

புது அணிகளைச் சேர்க்கக் கதவு கிடையாது. ஏற்கனவே இருந்த உள்நாட்டு அணிகளை எழுப்பிவிட்டு அவற்றின் நாற்காலியில்தான் ஐபிஎல் அணிகளை உட்காரவைக்க வேண்டும். விதிகளைத் தொடவும் முடியாது. நடுவரின் முடிவை மறுபரிசீலனை செய்யக் கேட்கும் டிஆர்எஸ், நான் ஆடிய பேட்ச் எதிலும் வரவில்லை. குரலும் அப்படித்தான். வர்ணனை ரிச்சி பெனோவும் மார்க் நிக்கலஸும். 2015 ஏப்ரலில் பெனோ காலமானார். அவர் அறியாத அணிகள், அவர் இறக்கும்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஆட்டக்காரர்கள், எல்லோரையும் இன்றைக்கும் அவரே வர்ணித்துக்கொண்டிருக்கிறார். புதுப் பெயர்கள் அவர் வாயில் வராததால் பொதுவாகப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். இந்தப் பொருத்தமின்மையை நான் குறையாக எண்ணுவதில்லை. பேட்ச் எங்கே முடிகிறது, மூலம் எங்கே தொடங்குகிறது என்பது காதில் விழும் ஒரே இடம் அது.

ஈஏ இதற்கு என்ன சொன்னது? பெரிதாக ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் கணினிக்குக் கிரிக்கெட் விளையாட்டே வெளியிடவில்லை. விட்டுப்போன வீட்டில் யார் வெள்ளையடித்தால் என்ன என்ற கணக்கு. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: இந்தப் பேட்ச்கள் ஏறிய கணினிகளில் காசு கொடுத்து வாங்கிய மூல சிடி அதிகம் இருந்ததில்லை. வாங்காத பொருளின் உரிமையாளரிடம் நியாயம் பேசுவதில் ஒரு தயக்கம் இருக்கத்தான் வேண்டும். அனுமதி இல்லாமல் ஈஏவின் சொத்தில் கைவைத்தவர்களே, தங்கள் சட்டைப் படத்தை வேறொருவர் சொல்லாமல் எடுத்துத் தன் பேட்ச்சில் சேர்த்துவிட்டால் கொதித்துப்போவார்கள். சிரிப்பு வரும். ஆனாலும் அந்தக் கோபத்தில் ஓர் ஒழுங்கு இருந்தது. பேட்ச்சோடு வரும் ரீட்மீ கோப்பில் முகம் யாருடையது, மைதானம் யாருடையது, கருவி யாருடையது என்று வரிசையாக நன்றி இருக்கும். காசு புழங்காத இடத்தில் பெயர்தான் கூலி.

உரிமச் சிக்கலுக்கு ஒரு புத்திசாலித்தனமான வழியை மெல்போர்னின் பிக் ஆன்ட் ஸ்டுடியோஸ் கண்டது. 2014-ல் வந்த ‘டான் பிராட்மேன் கிரிக்கெட் 14’-ல் அணிகளுக்கு உரிமம் இல்லை. ஆனால் ஆட்டக்காரர்களை உருவாக்கி மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ளும் கருவியை விளையாட்டுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். நிறுவனம் கோலியின் பெயரை எழுதவில்லை. ரசிகர் எழுதினார், மற்ற ரசிகர்கள் இறக்கிக்கொண்டார்கள். பூட்டை உடைக்கும் கலைக்கு அங்கே வேலை இல்லாமல் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தமும் உண்டு.

இணையத்தில் ஆடும் விளையாட்டுகளில் கதை வேறு. அங்கே விளையாட்டு, நிறுவனத்தின் சர்வரில் உயிரோடு இருக்கிறது. யாரும் வீட்டை விட்டுப் போகவில்லை. ரசிகர் செய்யும் கருவி உரிமையாளரின் கண்முன்னால்தான் ஓட வேண்டும்.

அவற்றில் நான் வியக்கும் வேலை ‘பாத் ஆஃப் பில்டிங்’. நியூசிலாந்தின் கிரைண்டிங் கியர் கேம்ஸ் 2013-ல் வெளியிட்ட ‘பாத் ஆஃப் எக்ஸைல்’ விளையாட்டில், உங்கள் வீரனின் திறனை வளர்க்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட முனைகள் கொண்ட ஒரு மரம் இருக்கிறது. எதை எடுப்பது, எதை விடுவது? சில போனஸ்கள் ஒன்றோடொன்று கூடும், சில பெருக்கும். 50 சதவீத போனஸ் இரண்டு கூடினால் 100 என்ற தாக்குதல் 200 ஆகும், பெருக்கினால் 225. இப்படி நூற்றுக்கணக்கான விதிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். விளையாட்டு அவற்றைத் திறந்து காட்டாது. 2016-ல் ‘ஓப்பன்ஆர்ல்’ என்ற புனைபெயரில் ஒருவர் லுவா மொழியில் இந்தக் கணக்கு முழுவதையும் வெளியே எழுதிக் கட்டினார். ஒரு முனைமேல் சுட்டியை வைத்தால் போதும், எடுத்தால் எவ்வளவு கூடும் என்று எண் வரும். அவர் ஒதுங்கிய பிறகு மற்ற தன்னார்வலர்கள் அதைக் கிளைபிரித்து நடத்துகிறார்கள். இதில் அலங்காரமே இல்லை. சாம்பல் நிறப் பெட்டிகள், எண்கள், சிறிய எழுத்து. ஆனால் அந்த எண்ணும் விளையாட்டுக்குள் நடப்பதும் ஒத்துப்போகும்போது கிடைக்கும் நிறைவு, தாளம் சமத்தில் வந்து விழும்போது கிடைப்பதுதான்.

கிரைண்டிங் கியர் செய்த நல்ல காரியம் ஒன்று. திறன் மரத்தின் தரவைத் தானே பொதுவில் வெளியிட்டுவிடுகிறது. பேட்டர்னைக் கேட்டுக் கெஞ்ச வேண்டியதில்லை, பூட்டை உடைக்கவும் வேண்டியதில்லை. பாராட்டுக் கடிதத்தைவிட இது மேல்.

எதிர்ப்பக்கத்துக்கு உதாரணம் பிரிட்டனின் ஜாகெக்ஸ். அவர்களுடைய ‘ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்’ விளையாட்டை ‘ரூன்லைட்’ என்ற ரசிகர் மென்பொருள் வழியாக ஆடுகிறவர்கள் ஏராளம். 2018-ல் அதை நிறுத்தச் சொல்லி மிரட்டி, ஆட்டக்காரர்கள் கொந்தளித்த பிறகு இறங்கிவந்தார்கள். பாடம் நிற்கவில்லை. ‘117’ என்ற புனைபெயருடையவர் சுமார் இரண்டாண்டுகள், ஏறக்குறைய 2,000 மணிநேரம் உழைத்து, அந்தப் பழைய தட்டைக் காட்சிக்கு ஒளியும் நிழலும் சேர்த்து ‘117எச்டி’ என்ற செருகுநிரலைச் செய்தார். 2021 செப்டம்பரில், வெளியீட்டுக்கு முந்தைய நாள், நிறுத்தச் சொல்லி நிறுவனத்திடமிருந்து தகவல் வந்தது. தாங்களே அப்படியொன்று செய்யப்போகிறார்களாம். விளையாட்டுக்குள்ளேயே ஆட்டக்காரர்கள் கூட்டம் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சில நாட்களில் உடன்பாடு வந்தது, செருகுநிரலும் வெளியானது. தடை சரியா தவறா என்பதைவிட அந்த ‘முந்தைய நாள்’தான் எனக்கு உறுத்துகிறது. எங்கள் பக்கம் வெளிநாட்டு பிராண்டுகள் ஆர்டரை ரத்து செய்வதும் உண்டு. ஆனால் தைத்துப் பெட்டியில் அடுக்கியபின் ரத்து செய்தால் அதற்கு ஒப்பந்தத்தில் ஒரு விலை இருக்கும். தன்னார்வலரிடம் ஒப்பந்தமே இல்லை.

காசு விஷயத்தில் நிறுவனங்களின் குணம் இன்னும் தெளிவாகத் தெரியும். ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’டை நடத்தும் பிளிசார்டு 2009-ல் விதி போட்டது: ரசிகர்கள் எழுதும் ஆட்ஆன்கள் இலவசமாகவே இருக்க வேண்டும், விளையாட்டுக்குள் விளம்பரமும் கூடாது, நன்கொடை கேட்பதும் கூடாது, நிரல் படிக்கும்படி திறந்திருக்க வேண்டும். கடைசி விதியை நான் வரவேற்கிறேன். நன்கொடைத் தடை கஞ்சத்தனம். ‘ஈவ் ஆன்லைன்’ நடத்தும் ஐஸ்லாந்தின் சிசிபி 2011-ல் இன்னும் ஒருபடி போனது. தங்கள் கருவியிலிருந்து பணம் பார்க்க விரும்புகிறவர்கள் ஆண்டுக்கு 99 டாலர் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும் என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டார்கள். சர்வரிலிருந்து தரவு எடுக்கும் வழியை முறையாகத் திறந்து வைத்திருந்ததும் அதே சிசிபிதான் என்பதால் அவர்களை முழுதாகத் திட்டவும் மனம் வரவில்லை.

நம் நாட்டில் சட்டம் ஓரளவு கைகொடுக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 52-ஆம் பிரிவு, முறையாகப் பெற்ற மென்பொருளோடு தனியாக எழுதிய இன்னொரு மென்பொருள் இணைந்து இயங்குவதற்குத் தேவையான தகவல் வேறு வழியில் எளிதாகக் கிடைக்காதபோது, அதைக் கண்டறியும் செயலைப் பதிப்புரிமை மீறலாகக் கருதவில்லை. கோப்பைப் பிரிக்கும் கருவிக்காரருக்கு இதில் இடம் இருக்கலாம். அணியின் சின்னத்தை அப்படியே ஒட்டும் சட்டைக்காரருக்கு இல்லை.

இப்போது அவசரமான ஒரு விஷயம். கிரிக்கெட் 07 பேட்ச்களில் பல, மெகாஅப்லோட், ராபிட்ஷேர் மாதிரியான இடங்களில் ஏற்றி வைக்கப்பட்டவை. முதலாவதை 2012 ஜனவரியில் அமெரிக்க அரசு முடக்கியது; இரண்டாவது 2015 மார்ச்சில் மூடிக்கொண்டது. அங்கே மட்டும் இருந்த வேலைகள் போயின. மிச்சம் இருந்தால் அது மூடிப்போன பிரவுசிங் சென்டர்களின் ஹார்ட் டிஸ்கிலும், மேசை இழுப்பறையில் கிடக்கும் சிடியிலும்தான் இருக்கும். உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் இந்த வாரமே நகல் எடுத்து வையுங்கள். எடுக்கும்போது இடம் பத்தவில்லை என்று ரீட்மீ கோப்பை அழித்துவிடாதீர்கள். அது சில கிலோபைட்தான்.