கர்ணன் வரும் இரவு: கர்ண மோட்சக் கூத்தை எப்படி ரசிப்பது?

மாமல்லபுரத்தில் ரதங்களைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டிகள் ஒரு கணக்குச் சொல்வார்கள். தருமருக்கு ஒன்று, பீமனுக்கு ஒன்று, அர்ச்சுனனுக்கு ஒன்று, நகுல சகாதேவர்களுக்குச் சேர்த்து ஒன்று, திரௌபதிக்கு ஒன்று. ஏழாம் நூற்றாண்டில் பாறையைச் செதுக்கிய பல்லவச் சிற்பிகளுக்கும் இந்தப் பெயர்களுக்கும் சம்பந்தமில்லை. திரௌபதி ரதத்துக்குள் இருப்பது கொற்றவை. பெயரெல்லாம் பிற்பாடு ஜனங்கள் சூட்டியது. அப்படிச் சூட்டியவர்கள் குந்தியின் மூத்த மகனுக்கு மட்டும் ஒரு கல்லும் ஒதுக்கவில்லை.

கல்லில் இடம் தராத அதே ஜனங்கள் கூத்தில் அவனுக்கு ஒரு முழு இரவைக் கொடுத்திருக்கிறார்கள். கர்ண மோட்சம் என்று அதற்குப் பெயர். செங்கல்பட்டு, மதுராந்தகம், செய்யூர், உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா நடக்கும்போது, பகலில் வில்லிபாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாகப் பல நாள் ஓடும். பங்குனியில் தொடங்கி ஆடிவரை ஏதாவது ஓர் ஊரில் பாரதம் நடந்துகொண்டே இருக்கும். வில் வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை என்று கதை வளர்ந்து, பதினெட்டாம் போருக்கு முந்தைய இரவாக வருவது கர்ண மோட்சம். ஒரே ஒரு இரவுதான் கண்விழிக்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் பலர் இதைத் தப்பான இடத்தில் ரசிக்கிறார்கள். சிவாஜி கணேசனின் 1964ஆம் வருஷத்து ‘கர்ணன்’ படத்தை மனசில் வைத்துக்கொண்டு, வள்ளலையும் வில்லாளியையும் தேடிக்கொண்டு போகிறார்கள். போர் எப்போது வரும் என்று காத்திருந்து, நடுவில் இரண்டு மணி நேரம் தூங்கிவிடுகிறார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் கர்ண மோட்சம் நடக்கிறது. இந்தக் கூத்தின் உயிர் கர்ணனுடைய கசப்பு. அது வெளியே வருவது போர்க்களத்தில் இல்லை, சொந்த வீட்டு வாசலில்.

போகுமுன் கதையில் நான்கு முடிச்சுகள் தெரிந்திருந்தால் போதும். கல்யாணத்துக்கு முன்னால் சூரியனுக்குப் பெற்ற பிள்ளையைக் குந்தி பெட்டியில் வைத்து ஆற்றில் விட்டாள். தேரோட்டி அதிரதன் எடுத்து வளர்த்தான். வித்தை அரங்கேற்றத்தில் ‘நீ யார் மகன்’ என்று கேட்டு அவனை மடக்கினார்கள். துரியோதனன் அங்க தேசத்தைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினான். கவச குண்டலத்தை இந்திரன் வாங்கிப் போனான். கடைசியில், போருக்கு முன் குந்தியே வந்து நான்தான் தாய் என்று சொல்லி, நாகாஸ்திரத்தை இரண்டாம் முறை விடக்கூடாது, அர்ச்சுனனைத் தவிர மற்ற நால்வரையும் கொல்லக்கூடாது என்று இரண்டு வரம் வாங்கிக்கொண்டாள். களத்தில் உட்கார்ந்திருக்கும் எழுபது வயதுப் பாட்டிக்கு இதெல்லாம் தெரியும். அவர் கதை தெரிந்துகொள்ள வரவில்லை.

அரசுரிமைச் சண்டையில் முறைப்படி பிறக்காத பிள்ளை படும் பாடு எந்த நாட்டுக்கும் புதிதல்ல. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ கதையுலகைப் படைத்த ஜார்ஜ் மார்ட்டின், ஏகோர் ரிவர்ஸ் என்றொரு பாத்திரத்தை எழுதியிருக்கிறார். நான்காம் ஏகான் என்ற ராஜா, முறைதவறிப் பிறந்த தன் பிள்ளைகள் எல்லோரையும் சாகும் தறுவாயில் ஊரறிய வாரிசாக்கிவிட்டுப் போகிறான். அதிலிருந்து தலைமுறை தலைமுறையாக யுத்தம். கசப்பேறிய ஏகோர், வேறு தாய்க்குப் பிறந்த அண்ணனுக்காக வாளெடுத்து, தோற்று, கடல் தாண்டிப் போயும் அடங்கவில்லை. நம் கதையில் நடப்பது இதற்கு நேர்மாறு. குந்தி ஊரறியச் சொல்லவில்லை, தனியாக வந்து சொல்கிறாள். ஊரறியச் சொன்னால் போர் நின்றிருக்கும். ரகசியமாகச் சொன்னதால் அவன் கை கட்டப்பட்டதுதான் மிச்சம்.

இந்த மண்ணிலேயே அப்படியொரு அரசுரிமைச் சண்டை நடந்திருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் பரமேசுவரவர்மனுக்குப் பின் காஞ்சி அரியணை காலியானபோது, கிளை வம்சத்திலிருந்து பன்னிரண்டு வயதுப் பையனைக் கொண்டுவந்து நந்திவர்மனாக முடிசூட்டினார்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களில் அந்தக் கதை சிற்பமாக இருக்கிறது. எதிர்த்து நின்ற பல்லவன் சித்திரமாயனுக்குச் சிற்பமில்லை. தளபதி உதயசந்திரன் அவனைக் கொன்றான் என்று உதயேந்திரம் செப்பேட்டில் ஒரு வரி, அவ்வளவுதான். தோற்றவன் பக்கம் நின்று பேசுவது செப்பேட்டின் வேலை இல்லை. கூத்து அந்த வேலையைச் செய்கிறது.

சரி, களத்துக்கு வருவோம். பாயோ போர்வையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் உட்காராதீர்கள்; முகவீணை என்ற ஊதுகருவியின் சத்தம் காதில் நேராக விழுகிற தூரத்தில் பக்கவாட்டில் இடம் பிடியுங்கள். ஆடுகளம் பதினைந்து இருபது அடிச் சதுரம். பின்னால் ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், முகவீணை, தாளம். நடுவில் ஒரு பெஞ்சு. அதுதான் சிம்மாசனம், அதுதான் தேர், அதுதான் அந்தப்புரம். சாப்பாடு முடிந்து ஊர் கூடியபின் மேளம் கட்டுவார்கள். கட்டியக்காரன் வந்து சிரிக்கவைத்துக் கூட்டத்தைத் தன் பக்கம் திருப்புவான். அவனை வெறும் கோமாளி என்று ஒதுக்கிவிடாதீர்கள். காவலாளி, தூதன், ஊர்க்காரன் என்று ராத்திரி முழுக்க வேஷம் மாறி, ராஜாக்கள் வாய்விட்டுச் சொல்ல முடியாததைச் சொல்கிறவன் அவன்தான்.

கர்ணன் வரும்போது இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். திரைக்குப் பின்னால் நின்றபடி அவன் விருத்தம் பாடுவான். ஆள் தெரியாது, கிரீடத்தின் உச்சி மட்டும் தெரியும், சலங்கை கேட்கும். இந்த இடத்தில் கைப்பேசியைத் தூக்காதீர்கள், காது கொடுங்கள். நல்ல நடிகர் திரைக்குப் பின்னாலேயே பாத்திரத்தை முக்கால்வாசி நிறுத்திவிடுவார். திரை விலகியதும் களத்தைச் சுற்றிச் சுழன்றாடுவதைக் கிறிக்கி என்பார்கள். இளவட்டம் எத்தனை சுற்று என்று எண்ணிக் கைதட்டும். நான் பார்ப்பது சுழற்சி எப்படி நிற்கிறது என்பதை. தாளத்தின் கடைசி அடியில் தள்ளாடாமல் நின்று, அதே மூச்சில் அடுத்த அடியைப் பாட எடுப்பவர் பெரிய ஆள்.

வேஷத்தைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள், ஒப்பனை நடக்கும்போதே பார்க்கக் கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். கிரீடம், மார்புப் பதக்கம், தோளில் இரு பக்கமும் விரியும் புஜக்கட்டை எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செய்து, கண்ணாடிச் சில்லும் வண்ணத் தாளும் ஒட்டியவை. லேசான மரம்தான், ஆனாலும் விடியும்வரை சுமக்கவேண்டும். இதைக் கட்டிக்கொண்டபின் நடிகர் தலையை மட்டும் திருப்ப முடியாது. உடம்போடு சேர்த்துத்தான் திரும்பவேண்டும். அதனால்தான் கட்டை வேஷக்காரர் ஒவ்வொருவரும் கோபுரம் நகர்வதுபோல நகர்கிறார். கர்ஜிப்பதற்கென்று செய்த உடுப்பு அது. கவசத்தைத் தானம் கொடுத்துவிட்ட கர்ணன் மார்பில் இவ்வளவு பெரிய பதக்கம் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

இந்த உடுப்போடுதான் அவன் பொன்னுருவியிடம் போய் நிற்கிறான்.

பொன்னுருவி கர்ணனின் மனைவி. வியாச பாரதத்தில் இவளைத் தேடாதீர்கள். நம்முடைய கதைப்பாடல்களும் கூத்தும் பெற்றெடுத்த பெண். ராஜகுமாரி. தேரோட்டி வீட்டுப் பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று காலமெல்லாம் மனம் புழுங்கியவள். புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் பிரதியில், பதினேழாம் நாள் சேனாதிபதியாகப் பொறுப்பேற்ற கர்ணன் அவளிடம் விடைபெற வருகிறான். திரும்ப மாட்டோம் என்று அவனுக்குத் தெரியும். அவளோ முகம் கொடுக்க மறுக்கிறாள். குலம் சொல்லி ஏசுகிறாள்.

தூங்காமல் இருந்தால் இங்கே பல விஷயங்கள் கண்ணில் படும். அதுவரை அடித்து நொறுக்கிய மிருதங்கம் அடங்கி, முகவீணை முன்னால் வரும். களத்தை நிறைத்து ஆடிய அந்த அகலமான உருவம் ஒரே இடத்தில் நின்று கெஞ்சும். பெண் வேஷம் கட்டியவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதுகைக் காட்டி நிற்பார். பெரும்பாலும் ஆண்தான், என்றாலும் 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் நடத்திய தன் குருகுலத்தில் பெண் பிள்ளைகளையும் ஆட்டத்துக்குப் பழக்கியது. அந்த முதுகைக் கவனியுங்கள். கர்ணன் ஒவ்வொரு அடி பாடும்போதும் தோள் கொஞ்சம் அசையும், ஆனால் திரும்பாது. கிருபரும் பீமனும் திரௌபதியும் சபையில் சொன்னதை எல்லாம் தாங்கியவன், வீட்டுக்குள்ளும் அதையே கேட்கிறான். அப்போது அவன் குரலில் ஏறுவதுதான் நான் சொன்ன கசப்பு. சில நடிகர்கள் இங்கே கத்திவிடுகிறார்கள். கூட்டம் அதையும் ரசிக்கும். குரலைத் தாழ்த்தி, வசனத்தை ஆர்மோனியத்தின் சுருதியிலேயே நிறுத்திப் பேசுகிறவரைத்தான் நான் மறக்கவில்லை.

பிறகு உண்மையை உடைக்கிறான். குந்தி மகன், சூரியன் பிள்ளை, எதிரில் நிற்பவர்கள் என் தம்பிகள். அவள் இடிந்துபோகிறாள். மன்னிப்புக் கேட்கிறாள், போகாதே என்கிறாள். இந்தத் திருப்பத்தில் ஒரு நெருடல் இருக்கிறது. தேரோட்டி மகனை அவள் கடைசிவரை மன்னிக்கவே இல்லை. ராஜா மகன் என்று தெரிந்த பிறகுதான் அழுகிறாள். நடிகர் கெட்டிக்காரராக இருந்தால் அவள் காலில் விழும்போது கர்ணன் முகத்தில் சந்தோஷம் வராது. அந்த முகத்தைப் பார்க்கத்தான் ராத்திரி ஒரு மணிக்குக் கண்விழிக்க வேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் பலருக்குச் சாதி பேரால் ஏச்சு வாங்குவது என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆடுகிறவர்களுக்கும் அப்படித்தான்.

போர்க்காட்சியில் சண்டையைவிடத் தர்க்கம் ருசியானது. தேரோட்டியாக வரும் சல்லியனுக்கும் கர்ணனுக்கும் நடக்கும் வாய்ச்சண்டையைச் சில செட்டுகள் (கூத்துக் குழுக்கள்) அரை மணிக்கும் மேலாக இழுக்கும், கெட்டிக்காரத்தனமாக இழுக்கும். மார்புக்குக் குறி வை என்கிறான் சல்லியன். கழுத்துக்குத்தான் என்கிறான் கர்ணன். கண்ணன் தேரை அழுத்த, நாகாஸ்திரம் அர்ச்சுனன் கிரீடத்தோடு போகிறது. இன்னொரு முறை விடச் சொன்னால், வாக்குக் கொடுத்துவிட்டேன் என்கிறான். யாருக்குக் கொடுத்தான் என்று சல்லியனுக்குத் தெரியாது, துரியோதனனுக்குத் தெரியாது. பாயில் உட்கார்ந்திருக்கும் நமக்குத் தெரியும்.

விடியும் நேரம் கண்ணன் கிழப் பிராமணனாக வந்து புண்ணியத்தை யாசிக்கிறான். காயத்து ரத்தத்தால் கர்ணன் தாரை வார்க்கிறான். இந்தச் சமயம் பார்த்து ஒலிபெருக்கியில் யாரோ ஒருவர் செட்டுக்கு அன்பளிப்பாகத் தந்த தொகையும் அவர் பேரும் ஊரும் வாசிக்கப்படலாம். நகரத்திலிருந்து வந்தவர்கள் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். சுளிக்க வேண்டாம். கடைசித் தானம் நடக்கிற இடத்தில் ஊர்க்காரர் ஒருவருக்கும் கொடுக்கத் தோன்றுகிறது என்றால் கூத்து நன்றாக நடக்கிறது என்று அர்த்தம்.

அதன்பின் குந்தி தலைவிரிகோலமாக ஓடிவந்து மகனை மடியில் போட்டு, இத்தனை வருஷம் மறைத்ததைச் சொல்லி அழுகிறாள். ஒப்பாரி மெட்டில் அது எழும்போது களத்தின் ஓரத்தில் பெண்கள் அழுவது கேட்கும். அவரவர் வீட்டுச் சாவுக்கு அழுகிறார்கள். தொண்டை மண்டலத்தில் கருமாதி இரவிலும் இதே கர்ண மோட்சத்தை ஆடவைக்கும் வழக்கம் உண்டு. இறந்தவர் படத்துக்கு மாலை போட்டு வைத்த வீட்டு வாசலில் இதைப் பார்க்கக் கிடைத்தால், திருவிழாவில் பார்ப்பதைவிட ஆழமாக இறங்கும். அழைப்பில்லாமல் போகவேண்டாம், ஆனால் அழைத்தால் தட்ட வேண்டாம்.

ஒரு செட்டைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். பெருங்கட்டூர் பாணி ஒரு தினுசு, புரிசைப் பரம்பரை இன்னொரு தினுசு. புரிசை நடேசத் தம்பிரானின் ஆட்டம் நாடகாசிரியர் ந.முத்துசாமியை உலுக்கி, கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழு பிறக்கும்வரை கொண்டுபோய் விட்டது. நடையில், பாட்டின் வேகத்தில், கட்டியக்காரனுக்குத் தரும் இடத்தில் வித்தியாசம் தெரியும்.

ராத்திரி முழுக்க முடியாதவர்களுக்கு முட்டுக்காடு தட்சிணசித்ரா மாதிரி இடங்களில் சுருக்கக் கூத்து அவ்வப்போது நடக்கிறது. வேஷத்தையும் அடவையும் பழகிக்கொள்ள அது நல்ல பள்ளிக்கூடம். போகுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள், பொன்னுருவி உண்டா என்று. நேரமில்லை, சண்டை மட்டும்தான் என்றால் அன்றைக்கு வீட்டிலேயே சிவாஜி படத்தைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.