சுளையை எண்ணாத கணக்கு

காரி நாயனாரின் கணக்கதிகாரத்திலே பலாப்பழத்தைப் பற்றிய கணக்கொன்று உண்டு. தமிழரின் கணித மேன்மையை மேடைகளிலே பேசுவோர் தவறாது எடுத்துக்காட்டும் கணக்கு அது. பழத்தின் காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணுக. வந்த தொகையை ஆறாற் பெருக்கி ஐந்தாற் பிரிக்க. கிடைப்பது உள்ளேயிருக்கும் சுளைகளின் தொகை. முள் 100 ஆயின் சுளை 120. பழத்தை வெட்டவும் வேண்டாம். சுளையை எண்ணவும் வேண்டாம்.

மேடைப் பேச்சாளர் இவ்விடத்தோடு நின்றுவிடுகின்றனர். கீழ்வகுப்பு ஆசிரியருக்கோ வேலை தொடங்குவதே இவ்விடத்திலேதான். ஒரு பலாப்பழத்தைப் பிள்ளைகளின் நடுவே வைத்து, முட்களை எண்ணுவித்து, விதிப்படி வந்த தொகையைக் கரும்பலகையில் எழுதி, பின்பு பழத்தைப் பிளந்து சுளைகளையும் எண்ணுவித்த ஆசிரியர் நம்மிடையே எத்தனை பேர்? (பாடம் முடிந்தபின் சுளைகளுக்கு என்ன நேரும் என்பதைப் பற்றி எவரும் கவலைப்பட வேண்டியதில்லை.) தொகை ஒத்துவந்ததா, வராவிட்டால் எவ்வளவு வேறுபட்டது, ஏன் வேறுபட்டது என்று கேட்கின்ற பிள்ளை கணிதத்துள் நுழைந்துவிட்டது. விதியை மாத்திரம் ஒப்புவிக்கும் பிள்ளை வாசற்படியிலேயே நிற்கின்றது. யாழ்ப்பாணத்திலே கணிதத்திற்கு இருக்கும் மதிப்பு நாடறிந்தது. அந்த மதிப்பைப் பெற்ற கணிதம் எது, அதனைப் பெற்றுக்கொண்டவர் யாவர் என்று விசாரிப்பது பயனுடையது.

பழைய திண்ணைப் பள்ளியைக் கண்மூடிப் பழித்தல் நேர்மையாகாது. மணலிலே விரலால் எழுதிப் பழகியதும், எண்சுவடியைச் சட்டம்பியார் இராகமிட்டுச் சொல்லப் பிள்ளைகள் பின்சொன்னதும் ஒரு கல்விமுறையே. பின்னங்களிலே அது எட்டிய நுட்பம் வியப்புக்குரியது. இருபதில் ஒரு பங்கு மா. அதன் காற்பங்கு, அதாவது எண்பதில் ஒன்று, காணி. அதனிலும் காற்பங்கு முந்திரி, அதாவது 320இல் ஒன்று. காலிலே கால் மாகாணி, பதினாறில் ஒன்று. ஒவ்வொரு பின்னத்திற்கும் தனிப் பெயரும் தனிக் குறியும் இருந்தன. இன்று நான்காம் தரத்திலே, மேலே ஓரெண் கீழே ஓரெண் நடுவே ஒரு கோடு என்று பின்னம் அறிமுகமாகும்போது திகைக்கின்ற பிள்ளை, காலையிலே கடைக்குச் சென்று கால் இறாத்தல் பாண் வாங்கி வந்த பிள்ளைதான். அரையும் காலும் முக்காலும் அதன் நாவிலே ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை வாசலிலே விட்டுவிட்டு வரும்படி பாடப்புத்தகம் அதனிடம் சொல்லுகின்றது.

ஆயின் எண்சுவடி யாருக்காக இருந்தது? காணிக்கணக்கும் வட்டிக்கணக்கும் நெல்லளவும் தெரிந்த கணக்குப்பிள்ளையை உண்டாக்குவதற்காக இருந்தது. அளக்கப்பட்ட நெல்லை விளைவித்தவனின் பிள்ளை அத்திண்ணையிலே ஏற அனுமதிக்கப்படவில்லை. புகையிலைத் தோட்டத்திலே கூலிக்கு இறைத்தவனுக்கும் பனையேறியவனுக்கும் கணக்கு என்பது மற்றவர் வாயிலிருந்து வரும் தீர்ப்பு. கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, கழித்த கூலி எவ்வளவு என்பதெல்லாம் மறுத்துக் கேட்க இயலாத வாக்குகளாக இருந்தன. 1920களின் இறுதியிலும் 1930களிலும் இக்குடாநாட்டுப் பாடசாலைகளிலே சமஆசனத்துக்காக நடந்த போராட்டத்தை வாங்கிலே அமரும் உரிமைக்கான போராட்டமாக மட்டும் நாம் நினைவுகூருகின்றோம். நிலத்திலே இருத்தப்பட்ட பிள்ளைக்கு மறுக்கப்பட்டது வாங்கு மாத்திரமா? கணக்கைச் சரிபார்க்கும் வல்லமையும் அதனோடு மறுக்கப்பட்டது.

அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையிலே செமினரியை நிறுவினர். உயர்கணிதமும் வானசாஸ்திரமும் அங்கே கற்பிக்கப்பட்டன. அச்சூழலிலே உருவான கரோல் விசுவநாதபிள்ளை 1855இல் வீசகணிதத்தைத் தமிழிலே நூலாக வெளியிட்டார். இரண்டாண்டு கழித்து, சி. வை. தாமோதரம்பிள்ளையோடு சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளுள் ஒருவருமானார். தமிழிலே அட்சரகணிதம் எழுத முடியாது என்று பிற்காலத்திலே வாதாடியோருக்கு இந்நூலொன்றே போதிய விடை. எனினும் இவ்வரலாற்றிலே ஒரு குறையுண்டு. மாடி எழுந்தது, அத்திவாரத்தை எவரும் கவனிக்கவில்லை. செமினரி தொடங்குவதற்கு இரண்டாண்டு முன்னர், 1821இலே, அமெரிக்காவிலே வாரன் கோல்பேர்ன் என்பவர், சுவிற்சர்லாந்துப் பேராசான் பெஸ்தலோசியின் வழியைத் தழுவிச் சிறுவருக்கான எண்கணித நூலொன்றை எழுதினார். முதலிலே பொருளைக் காட்டு, பின்பு மனத்தாற் கணிக்கச் செய், அதன் பின்னரே குறியும் விதியும் என்பது அவர் கொள்கை. யாழ்ப்பாணத்துப் பள்ளிகளிலே வேரூன்றியது இது அன்று. மேல்வகுப்புக்கு ஆள் சேர்க்கும் சல்லடையே வேரூன்றியது. சல்லடையிலே தங்கியவர் எழுதுவினைஞரும் பொறியியலாளரும் பேராசிரியருமாயினர். கீழே விழுந்தோரை, அவருக்குக் கணக்கு ஓடாது என்ற ஒரு வசனத்தால் நாம் தள்ளிவிட்டோம்.

கணக்கு ஓடாத பிள்ளை என்று ஒன்று உண்டா? அத்தகைய பிள்ளை எவ்விடத்திலே இடறுகின்றது என்பதை ஊன்றிப் பார்த்தால் பெரும்பாலும் குற்றம் வேறிடத்திலே இருக்கும். நமது எண்ணுப்பெயர்களையே எடுத்துக்கொள்வோம். இருபத்துமூன்று என்ற சொல்லிலே இரு பத்தும் மூன்றும் வெளிப்படையாக நிற்கின்றன. இடப்பெறுமானத்தைக் கற்பிப்பதற்கு இதனிலும் வாய்ப்பான மொழி கிடைப்பதரிது. ஆனால் ஒன்பதை நெருங்கியதும் ஒழுங்கு குலைகின்றது. ஒன்பதிலே பத்தின் ஒலி, தொண்ணூற்றிலே நூறு, தொள்ளாயிரத்திலே ஆயிரம். தொண்ணூற்றைந்து என்று ஆசிரியர் சொல்ல, நூறு என்ற ஒலியைக் காதிலே வாங்கிய பிள்ளை 105 என்று எழுதினால் அது மடமையன்று. கேட்டதை ஆராய்ந்து எழுதியதன் அடையாளம். அதற்குச் சிவப்புக் கோடு பரிசாகின்றது.

கழித்தலிலும் இதே கதை. 52இலிருந்து 27 போக எவ்வளவு? இரண்டிலிருந்து ஏழு போகாது. அயலிலே ஒன்று கடன் வாங்கு என்கின்றோம். வாங்கிய ஒன்று எப்படிப் பத்தாயிற்று என்று சொல்லுவதில்லை. கடனைத் திருப்பிக் கொடுப்பதும் இல்லை. ஈடு வைத்து வட்டி கட்டிப் பழகிய நம் சமுதாயத்திலே, வட்டியும் முதலுமின்றிக் கடன் கிடைக்கும் ஒரே இடம் கீழ்வகுப்புக் கழித்தற் கணக்குத்தான். ஈர்க்குகளைப் பத்துப் பத்தாக நாரினாற் கட்டி ஐந்து கட்டும் இரண்டு உதிரியுமாகப் பிள்ளையின் முன் வைத்து, ஏழு உதிரி தா என்று கேட்டுப் பாருங்கள். சற்று விழித்துவிட்டு அது தானாகவே ஒரு கட்டை அவிழ்க்கும். அவிழ்த்த கையே விதியைக் கண்டறிந்த கை. இதற்குப் பணம் வேண்டியதில்லை. ஈர்க்குக்கு யாழ்ப்பாணத்திலே என்றுமே பஞ்சம் வந்ததில்லை. வேண்டியது நேரம், பிள்ளை விழித்துக்கொண்டிருக்கும் வேளையிலே வாய் திறவாதிருக்கும் பொறுமை. முற்றத்திலே கொக்கான் வெட்டும் சிறுமியையும் கவனியுங்கள். ஐந்து கல்லிலே ஒன்றை எறிந்து, எஞ்சிய நான்கையும் ஒவ்வொன்றாகவும், இரண்டிரண்டாகவும், மூன்றும் ஒன்றுமாகவும், ஒரே வாரலாகவும் அவள் எடுக்கின்றாள். நான்கு என்ற எண்ணை அவள் பிரித்தும் கூட்டியும் கையாலே கற்றுவிட்டாள். மறுநாள் வகுப்பிலே மூன்றும் ஒன்றும் எத்தனை என்ற வினாவுக்கு அவள் விரல் மடக்கினால் அடி விழுந்த காலமும் இருந்தது.

இனி, ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு வருவோம். 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த காலத்திலே, கன்னங்கராவின் எண்ணத்திலே இப்பரீட்சை ஏழைப் பிள்ளைக்கு இட்ட ஏணி. கிராமத்துப் பாடசாலையிலே படிக்கும் கெட்டிக்காரப் பிள்ளை பணமில்லாக் காரணத்தால் நின்றுவிடாது மத்திய கல்லூரிக்குச் செல்லட்டும் என்பதே நோக்கம். இன்று அவ்வேணியின் அடியிலே கட்டணம் வாங்கப்படுகின்றது. பத்து வயது நிரம்பாத பிள்ளை விடிய எழுந்து ஒரு தனியார் வகுப்பு, பாடசாலை, மாலையிலே இன்னொரு வகுப்பு, இரவிலே மாதிரி வினாத்தாள் என்று ஓடுகின்றது. கணக்கை விளங்கச் செய்வது அங்கே நட்டமான தொழில். வினாவைக் கண்டவுடன் விடைக்குப் பாயும் குறுக்குவழியே விலைபோகும். பலாப்பழ விதி அச்சேறி, மாதக் கட்டணத்தோடு மீண்டும் வந்திருக்கின்றது. கட்டணம் கட்ட இயலாத பிள்ளை எந்தச் சாதியின், எந்தத் தொழிலாளியின் பிள்ளை என்பதை யாழ்ப்பாணத்து வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பெற்றோரை நிந்திப்பதற்காக இதனை எழுதவில்லை. நீர்வளங் குறைந்த சுண்ணக்கல் மண்ணிலே, பங்கிட்டுப் பங்கிட்டுச் சுருங்கிய காணியை நம்ப முடியாத தகப்பன் படிப்பை நம்பினான். 1995இல் ஒரே இரவிலே வலிகாமத்தை விட்டு நடந்த மக்கள் வீட்டையும் நகையையும் இழக்கக் கண்டவர்கள்; எவராலும் பறிக்க முடியாத ஒரே சொத்து கல்வி என்று அவர்கள் எண்ணுவது இயல்பு. வாய்பாட்டைக் கைவிடுமாறும் நான் கூறவில்லை. ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது நாவிலே நிற்கத்தான் வேண்டும். எட்டு ஏழுகள் எவ்வாறு ஐம்பத்தாறாயின என்பதை ஒரு முறையேனும் புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்கிக் கண்ட பிள்ளைக்கு அது மறந்தாலும் மீண்டு வரும். காணாத பிள்ளைக்கு மறந்தால் போனதுதான். முதலாந் தரத்துக்குப் புதிதாக வந்த ஆசிரியரையும், பரீட்சை வகுப்புக்கு அனுபவசாலியையும் அமர்த்தும் நமது அதிபர்மார் இதனைச் சிந்திக்க வேண்டும். அனுபவம் முதலிலே தேவைப்படுவது ஈர்க்குக் கட்டை அவிழ்க்கும் இடத்திலே.

பாடப்புத்தகத்துக்கு ஒரு கணக்கு. நம் ஊரிலே வரகுப் பரப்பு 18 குழி. அப்படிப் பதினாறு பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். நெற்பரப்பானால் ஓர் ஏக்கருக்கு இருபத்துநான்கு. அப்படியானால் ஒரு நெற்பரப்பிலே எத்தனை குழி? பிள்ளை 16ஐ 18ஆற் பெருக்கி 288 என்று காணும். அதனை 24ஆற் பிரித்து 12 என்று கண்டுபிடிக்கும். பரப்பு என்ற ஒரே சொல் இரண்டு அளவைக் குறிக்கின்றது என்பதும், ஒன்றை மற்றொன்றாக எண்ணிக் குத்தகை பேசினால் மூன்றிலொரு பங்கு பறிபோகும் என்பதும் அப்போது அதற்கு விளங்கும். தகப்பனோடு நொத்தாரிசின் வீட்டுக்குப் போகும் நாளிலே, உறுதியில் எழுதியிருப்பது எந்தப் பரப்பு என்று அப்பிள்ளை கேட்கவும் கூடும்.