பசிக்கு இடமில்லாத மனு

ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ நாவல் 2001இல் வந்தது. அல்லைப்பிட்டிக்காரர் எழுதிய யாழ்ப்பாணத் தீவகக் கதை. ஆனால் அது தீவகத்தில் தொடங்குவதில்லை. பிரான்சில் அகதி அந்தஸ்துக் கேட்கும் ஒரு மனுவில் தொடங்குகிறது. நம் ஆட்கள் இதைக் ‘கேஸ் எழுதுறது’ என்பார்கள். கைது, அடி, தப்பியது, மறுபடி கைது என்று மனு போகிறது. நாவல் புலி எதிர்ப்பா இல்லையா என்று சண்டை பிடித்தே பலர் களைத்துவிட்டார்கள். எனக்கு அந்த முதல் பக்கங்களைத் தாண்ட மனமில்லை.

ஏனென்றால் அந்த மனுவுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை ஐந்து காரணங்களை ஏற்கிறது: இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து. பசி அதில் இல்லை. ஊர்காவற்றுறையில் கடற்படைத் தடையால் வலை வீச முடியாமல் போனவர், வேலணையில் புகையிலைத் தோட்டத்தைப் போட்டுவிட்டு ஓடியவர், தன் உண்மைக் கதையை அப்படியே எழுதினால் கேஸ் நிற்காது. அடி வாங்கிய நாளைத்தான் தேட வேண்டும். ‘கொரில்லா’ இந்தப் பொறியை முன்னால் தூக்கி வைத்து, அதன் பின்னால் ஒரு பொடியனின் வாழ்க்கையை விரிக்கிறது. மனுவில் அடங்காத எவ்வளவோ அந்த வாழ்க்கையில் இருக்கிறது. சாட்சியம் எப்படிச் செதுக்கப்படுகிறது என்பதை இத்தனை கறாராகக் காட்டிய வேறொரு ஈழத்து நாவலை நான் வாசிக்கவில்லை.

ஆனால் நாவலே அந்தப் பொறியிலிருந்து முழுதாக வெளியே வந்ததா? வரவில்லை என்பேன். வீட்டு வறுமை அதில் உண்டு. அது சண்டியன் தகப்பனால் வருவது. கடல் மூடப்பட்டதால் வரும் பசி வேறு. அடிக்குறிப்புகள்கூடப் பெரும்பாலும் ஆட்களுக்கும் சம்பவங்களுக்குமே. அரிசி விலைக்கு அடிக்குறிப்பு யார் போடுவார்கள்! நாயகன் வெளியேறியதும் கதையும் கூடவே கப்பலேறிவிடுகிறது. 1991 ஒக்ரோபரில் இராணுவம் தீவகத்தைப் பிடித்தபோது சனம் குடாநாட்டுக்கு ஓடியது. ஓட முடியாத கிழடுகள் கூரையைப் பார்த்தபடி இருந்தார்கள். அங்கே நாவல் இல்லை. எழுதாததைக் குற்றமாக்கக் கூடாதுதான். என்றாலும் தீவகத்தின் போரை அறிய இந்த நூலைத்தான் எல்லோரும் நீட்டுகிறார்கள், நீட்டுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

இது ஒரு நூலின் குறை மட்டுமல்ல. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகில் நடந்த கொலைகளுக்கு ஒரு தேதி இருக்கிறது, ஆண்டுதோறும் விளக்கேற்றுகிறோம். 1991 ஒக்ரோபர் தீவக இடப்பெயர்வுக்கு அப்படி ஒரு விளக்கைக் காணோம். 2006 ஓகஸ்டில் அல்லைப்பிட்டித் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தவர்கள்மீது ஷெல் விழுந்ததும், அவர்களை அங்கிருந்து கூட்டிச்சென்ற ஜிம் பிரவுண் அடிகளார் சில நாளில் காணாமற்போனதும் உலகச் செய்தியாயின. அதே மாதம் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்டு, குடாநாடும் தீவுகளும் திருகோணமலையிலிருந்து வரும் கப்பலை நம்பிச் சங்கக்கடையில் வரிசை நின்ற மாதங்களுக்கு ஒரு வரி கிடைத்தால் பெரிது. பட்டினி மெதுவாக வரும். மெதுவாக வருவதைச் செய்தியும் மனுவும் பிடிப்பதில்லை. காஸாவிலும் பஞ்சமென்று நிபுணர்கள் அறிவிக்க 2025 ஓகஸ்ட் ஆனது, குண்டுகளின் கணக்கு அதற்கு எவ்வளவோ முந்தியே வந்துகொண்டிருந்தது.

ஆகவே என் தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. சாட்சி சொல்ல வைக்கப்பட்டவனின் நாவலாக ‘கொரில்லா’ முதல் வரிசையில் நிற்கும். தீவகச் சனத்தின் இடப்பெயர்வுக்கும் பசிக்கும் ஆவணமாக அதை வைத்தால் பாதிப் பக்கம் வெள்ளையாகக் கிடக்கும். அந்தப் பக்கத்தை நிரப்பக்கூடியவை வேறெங்கோ இருக்கின்றன: சங்கக்கடைக் கொப்பியில், நிவாரண அட்டையில், புழுக்கொடியலும் ஒடியல் கூழுமாக ஒரு மாரியைக் கடத்திய ஆச்சிமாரின் வாயில். குமுதினியைத் திருத்தி மறுபடி கடலில் இறக்கினார்கள். அது நெடுந்தீவுக்கு ஏற்றிப்போன அரிசி மூட்டைகளைப் பற்றி இன்னும் யாரும் ஒரு நாவல் எழுதவில்லை.