துடைப்பமும் தெளித்த நீரும்: இரட்சணிய யாத்திரிகமும் அதன் மூலமும்

எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையைக் 'கிறித்தவக் கம்பர்' என்று போற்றுவது நம்மிடையே நெடுநாள் வழக்கு. அப்பாராட்டு பொருந்தாது என நாம் கூறவில்லை. கம்பனில் ஊறிய நெஞ்சம் அவருடையது. விருத்தங்களின் ஓட்டமே அதற்குச் சான்று பகரும். ஆயினும் அப்பட்டப்பெயர் ஒரு தீங்கும் செய்திருக்கிறது. கம்பனின் எதிரொலி எங்கெங்கே கேட்கிறது என்று தேடிச் சுவைத்துவிட்டு நூலை மூடிவிடுகிறோம். நூலின் உயிர்நிலையான வினா நம் செவியில் விழுவதேயில்லை. இறைவன் இட்ட கட்டளையை மீறியவன், அக்கட்டளையைக் கைக்கொண்டே கரையேற முடியுமா? முடியாதெனில் கட்டளை எதற்கு? இவ்வினாவுக்குச் செவிகொடாமல் இரட்சணிய யாத்திரிகத்தைப் படிப்பது, கைகேயியின் வரத்தை விட்டுவிட்டு அயோத்தியா காண்டத்தைப் படிப்பது போன்றது.

நெல்லைச் சீமையின் கரையிருப்பில் 1827-இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றவர் கிருஷ்ண பிள்ளை. ஐந்து பருவங்களும் ஏறத்தாழ 3,800 பாடல்களும் கொண்ட அவருடைய காப்பியம் 1894-இல் வெளிவந்தது. அதற்கு மூலம், ஆங்கில நாட்டில் பாத்திரங்களுக்கு ஒட்டுப்போடும் தொழில் செய்த ஜான் பன்யன் 1678-இல் வெளியிட்ட உரைநடைக் கனவுக்கதை. அரசின் இசைவின்றிப் பிரசங்கம் செய்த குற்றத்திற்காக 1660 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் பெட்ஃபர்டு சிறையில் கிடந்தவர் பன்யன். சட்டத்தின் கனத்தை அவர் ஏட்டில் படித்து அறிந்தவர் அல்லர்.

அவர் கதையில் முதுகிலே சுமையோடு புறப்படும் பயணிக்கு வழியில் ஓர் உலகியல் அறிஞர் எதிர்ப்படுகிறார். "இடுக்கமான வாயிலைத் தேடி ஏன் அலைகிறாய்? அதோ அந்தக் குன்றைக் கடந்தால் ஒழுக்கபுரி என்னும் ஊர். அங்கே சட்டநெறியர் என்றொரு பெரியவர் சுமையிறக்குவதில் வல்லவர், அவர் இல்லையேல் அவர் மகன் நாகரிகன் இருக்கிறான்" என்ற பொருள்பட அறிவுரை கூறுகிறார். கேட்பதற்கு எவ்வளவு நயமான யோசனை! நம் வீட்டுப் பெரியவர்களும் இதைத்தானே சொல்லியிருப்பார்கள்! ஆனால் அணுக அணுக அக்குன்று தலைக்குமேல் சாய்ந்து நிற்கிறது, தீப்பொறி பறக்கிறது, சுமையோ முன்னைவிடக் கனக்கிறது. அக்குன்று சீனாய் மலை, மோசே கட்டளைகளைப் பெற்ற மலை. ஒழுக்கத்தைப் பன்யன் பழிக்கவில்லை. சுமையை இறக்கும் ஆற்றல் அதற்கு உண்டு என்பதைத்தான் மறுக்கிறார்.

இதனினும் நுட்பமானது பொருள்விளக்குவோன் வீட்டுக் காட்சி. புழுதி மண்டிய கூடம். ஒருவன் வந்து பெருக்குகிறான். புழுதி எழுந்து பயணிக்கு மூச்சுத் திணறுகிறது. பின்பு ஒரு பெண் வந்து நீர் தெளிக்கிறாள். கூடம் இனிதே தூய்மையாகிறது. புழுதி மனிதனின் பாவம், பெருக்கியவன் நியாயப்பிரமாணம், நீர் தெளித்தவள் நற்செய்தி. விடியற்காலையில் நீர் தெளித்த பின்னரே வாசல் பெருக்கும் வழக்கத்தில் வளர்ந்த நமக்கு இதற்கு உரை வேண்டுமா? ஒன்றை மட்டும் கருத வேண்டும். நீர் தெளித்ததும் துடைப்பத்தைத் தூக்கி எறிந்துவிடவில்லை. நீருக்குப் பின்னும் கூடம் பெருக்கப்படத்தான் வேண்டும். அருள் வந்தபின் நெறி வேண்டா என்பார்க்கு இவ்வொரு காட்சியே தக்க விடை.

நம் மொழிபெயர்ப்புச் சொற்களையும் ஈண்டு எண்ணிப் பார்ப்பது நன்று. நியாயப்பிரமாணத்தைப் பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் எதற்கு ஒப்பிடுகிறாரோ, அதைத் தமிழ் வேதாகமம் 'உபாத்தி' என்கிறது. கிரேக்க மூலத்துச் சொல் பாடம் கற்பிப்பவரைக் குறிப்பதன்று. பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் சென்று, வழியில் குறும்பு செய்தால் அதட்டும் வீட்டு அடிமையைக் குறிப்பது. அவன் வேலை பள்ளி வாயிலோடு முடிகிறது. 'உபாத்தி' என்றதும் பிரம்பும் திண்ணைப் பள்ளியும் நம் நினைவுக்கு வந்து, பவுல் சொன்ன உவமை பாதி மறைந்துபோகிறது. கிருபைக்குக் கத்தோலிக்கர் பழைய செபங்களில் வழங்கிய 'பிரியதத்தம்' என்ற சொல்லோ நேர்மாறு. அன்பினால் கொடுக்கப்பட்டது என்று பொருளைக் கையில் எடுத்துத் தருகிறது. அச்சொல் வழக்கொழிந்தது நமக்கு இழப்பே.

ஈட்டாமலே வரும் அருள் என்னும் கருத்து கிருஷ்ண பிள்ளைக்குப் புதிதாக இருந்திருக்க முடியாது. குட்டியைத் தாய்ப்பூனை கவ்விச் செல்வதுபோல இறைவன் காப்பான் என்னும் தென்கலையாரின் மார்ச்சால நியாயமும், தாயைக் குட்டியே பற்றிக்கொள்ள வேண்டும் என்னும் வடகலையாரின் மர்க்கட நியாயமும் வைணவர் வீட்டுத் திண்ணைப் பேச்சு. வீடணன் அடைக்கலம் புகுந்த கதையைக் கம்பனில் உருகிப் படித்தவர் அவர். அப்படியாயின் புதிதாக அவர் கண்டது யாது? வீடணனை ஏற்றுக்கொள்ளும்போது இராமன் எவர் கடனையும் தீர்க்க வேண்டியதில்லை. பிராட்டி பரிந்துரைக்கிறாள், பெருமான் குற்றத்தைக் காணாதிருக்கிறான் என்பது வைணவ உரைகளின் போக்கு. கிறித்தவக் கொள்கையில் குற்றம் காணப்படுகிறது, தீர்ப்பும் எழுதப்படுகிறது, தீர்ப்பளித்தவனே கூண்டில் ஏறித் தண்டனையைச் சுமக்கிறான். கட்டளை தளராமலே கருணை வெல்லும் இந்த விந்தைதான் அவரைப் பிணித்தது என்பது நம் கருத்து.

பன்யனில் சிலுவைக் காட்சி மிகச் சிறிது. பயணி மேட்டில் ஏறிச் சிலுவையைக் காண்கிறான், சுமை தானே அவிழ்ந்து உருண்டு கல்லறையின் வாய்க்குள் மறைகிறது, அவ்வளவே. கிருஷ்ண பிள்ளைக்கு இது போதவில்லை. குமார பருவத்தில் 'இரட்சணிய சரிதப் படலம்' என ஒரு படலம் வகுத்து, மூலத்தில் இல்லாத பாடுகளின் வரலாற்றை விரித்துப் பாடினார். பன்யனின் வாசகர்க்கு அவ்வரலாறு மனப்பாடம். தமிழர் பலர்க்கு அதைச் சொல்லியாக வேண்டும். கடன் தீர்ந்தது என்று அறிவித்தால் மட்டும் போதாது, தீர்த்தவன் பட்ட பாட்டையும் காட்ட வேண்டும் என்று கருதினார் போலும். மொழிபெயர்ப்பைக் கடந்து காப்பியமாக அந்நூல் நிமிர்ந்து நிற்பது இவ்விடத்தில்தான். இடையிடையே அவர் அமைத்த தேவாரப் பதிகங்களில் ஒன்று இன்றும் தேவாலயங்களில் பாடப்படுவதும் யாவரும் அறிந்ததே.

மூலநூலில் நமக்கு உடன்பாடில்லாத பகுதிகளும் உள. உண்மையுள்ளான் என்னும் பயணியை ஒருவன் துரத்திப் பிடித்து அடித்து வீழ்த்துகிறான். இரக்கம் கேட்டால், இரக்கம் காட்டத் தனக்குத் தெரியாது என்கிறான். அவன் மோசேயாம்! கைகளில் தழும்புடைய ஒருவர் வந்து தடுக்கிறார். காட்சி வலிமையானது, மோசேக்கு நீதி செய்யாதது. சீனாயின் பத்துக் கட்டளைகளுக்கு முன்னுரையாக நிற்பது, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து உங்களை விடுவித்தவர் நானே என்னும் நினைவூட்டல். விடுதலை முந்தியது, கட்டளை பிந்தியது. கட்டளையின் இன்பத்தையே 176 வசனங்களில் பாடும் 119-ஆம் சங்கீதம் அடிபட்டவனின் அலறல் ஆகாது. அக்கால யூதர் கட்டளையைக் கைக்கொண்டது இறைவனின் தயவை விலைக்கு வாங்குவதற்காக அன்று என்பதை ஈ.பி. சாண்டர்ஸ் 1977-இல் வெளியிட்ட நூல் விரிவாக எடுத்துக்காட்டியது. பன்யன் கற்றது லூத்தரின் கலாத்தியர் உரையில். வேதாகமத்திற்கு அடுத்தபடியாக அவர் விரும்பிய நூல் அதுவே. லூத்தரின் அச்சமும் அதனோடு சேர்ந்து வந்துவிட்டது.

இறுதியாக, அறியாமை என்னும் பெயருடைய இளைஞன். அவன் பாவி என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. யாருக்கும் கடன் வைக்காதவன். தொழுகிறான், நோன்பிருக்கிறான், தசமபாகம் செலுத்துகிறான், ஈகிறான். செல்லும் நாட்டிற்காகச் சொந்த நாட்டையும் விட்டு வந்திருக்கிறான். பிழைப்பின் பொருட்டு ஊரைவிட்டு வந்த நம்மில் பலரும் இப்பட்டியலில் தம் முகத்தைக் காண்பர். நல்வாழ்வே நுழைவுச்சீட்டு என்று அவன் நம்புகிறான். இடுக்கமான வாயில் வழியாக வராமல், வளைந்த சந்தொன்றின் வழியே பாதையில் சேர்ந்தவன். ஆற்றைக் கடக்க அவனுக்குப் படகும் கிடைக்கிறது. வானகரின் கதவருகே சான்றிதழ் கேட்கிறார்கள். மடியில் தேடுகிறான், இல்லை. கைகால் கட்டப்பட்டு நரகத்தில் எறியப்படுகிறான். கொள்கை அளவில் பன்யன் கணக்கில் பிழையில்லை: ஈட்ட முடியாததை ஈட்டிவிட்டேன் என்றவனிடம் கொடையைப் பெறக் கை நீளவில்லை. ஆனால் கிருபையைப் பற்றியே எழுதப்பட்ட நூலில், அவனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர்விட ஒருவரும் இல்லை. முன்னே சென்ற பயணிகள் இருவரும் உள்ளே புகுந்துவிட்டனர்; கதவும் சாத்தியாயிற்று. அந்த இடத்தில் பன்யன் விழித்துக்கொள்கிறார், முதற்பாகம் முடிகிறது.