உருவமும் உள்ளடக்கமும்: ஒரு நாற்சில்லு இயக்கக் காரை முன்வைத்து

இலக்கியத்தில் உருவம் பெரிதா, உள்ளடக்கம் பெரிதா என்னும் விவாதம் நம்மவரிடையே நெடுங்காலம் நிகழ்ந்து வந்துள்ளது. அதனைக் கவிதையோடும் சிறுகதையோடும் நிறுத்திவிடுதல் பொருந்தாது. மனிதர் கற்பனை செய்து ஆக்கும் எப்பொருளும் விமர்சனத்துக்கு உரியதே. காட்சிக்கென ஆக்கப்படும் மாதிரிக் காரும் அத்தகையதாகும்.

2022 ஆகஸ்ட் 15ஆம் திகதி, இங்கிலாந்தின் ஒக்ஸ்போட்சயரில் இந்திய நிறுவனமான மகிந்திரா ஐந்து மின்சார மாதிரிக் கார்களை வெளிப்படுத்தியது. அவற்றுள் ஒன்று ‘பி.ஈ. 05’. அதன் அடித்தளமான ‘இங்ளோ’, பின்சில்லுகளை மட்டுமன்றி நான்கு சில்லுகளையும் இயக்க இடந்தருவது எனக் கூறப்பட்டது.

இதன் பொருளை உணரப் பழைய முறையை நோக்குதல் வேண்டும். கார் திரும்பும்போது முன்சில்லுகளும் பின்சில்லுகளும் வெவ்வேறு வளைவுகளில், வெவ்வேறு வேகத்தில் உருள்கின்றன. ஒரே இயந்திரம் இரண்டையும் இயக்குவதாயின் நீண்ட சுழல்தண்டும், அவ்வேக வேறுபாட்டை ஏற்கும் பற்சக்கரத் தொகுதியும் தேவையாகின்றன. 1980இல் ஜெனீவாவில் அறிமுகமான ஓடி குவாட்ரோ இவ்வழியிலேயே புகழீட்டியது. மின்சாரக் காரிலோ முன்னச்சுக்கு ஒரு மோட்டாரும் பின்னச்சுக்கு ஒரு மோட்டாரும் போதும், இடைத்தண்டு வேண்டியதில்லை. அவ்விடத்தில் மின்கலங்கள் அமைகின்றன. பின்சில்லு மணலில் வழுக்கிச் சுழலுங்கால் முன்சில்லு இழுத்துச் செல்லும். மணற்காட்டு மணலில் இறங்கிக் கார் தள்ளியோர் இதன் பெறுமதியை அறிவர்.

2024 நவம்பர் 26இல் விற்பனைக்குரிய கார் சென்னையில் அறிமுகமாயிற்று. கூரையின் சரிவு, வளைந்த விளக்குகள், சில்லுகளைச் சூழ்ந்த கரிய விளிம்பு ஆகியன பெரும்பாலும் அவ்வாறே இருந்தன. ஆனால் இயக்கப்பட்டவை பின்சில்லுகள் இரண்டுமே. உருவம் பிழைத்தது, உள்ளடக்கம் சுருங்கியது.

இரண்டாவது மோட்டார் விலையையும் பாரத்தையும் கூட்டும், தார்வீதிக்குப் பின்சில்லு இயக்கமே போதும் என்பர். அது நியாயமே. எனின், கரடுமுரடான நிலத்தை வெல்லவல்லது போன்ற தோற்றம் எதற்கு? தோற்றம் சொல்வதைப் பொறி செய்யாதவிடத்து அது வெறும் அலங்காரமாகிவிடுகிறது.

இதற்கு நேரெதிரான சான்று நம்மிடமே உண்டு. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்து ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். புகை மிகுந்தது, இயந்திரமும் பழுதுற்றது. இதனை இலட்சியமாக்குதல் தவறு. இல்லாமையைப் போற்றுதல் விமர்சனமாகாது. ஆயினும் அங்கே தேவை முன்னின்றது. பழைய உருவத்தினுள் புதிய உள்ளடக்கம் புகுந்தது.

மாதிரிக் கார் ஒரு வாக்குறுதி. அதன் அழகை வியப்பதோடு அமையாது, அவ்வாக்குறுதி யாருக்கு, எந்நிலத்துக்கு என வினவுதல் நம் கடனாகும். கிளிநொச்சியில் பொறியியல் பயிலும் நம் பல்கலைக்கழக மாணவர் நாளை வரையவிருக்கும் வாகனத்துக்கும் இவ்வினாவே உரைகல்லாகட்டும்.