கலப்பு டிஸ்க்குகளில் ரெய்ட்: முசலியில் வைத்துப் பார்த்த சோதனை

ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே அளவில் நான்கு ஹார்ட் டிஸ்க் வாங்கி, ஒன்று கெட்டாலும் தரவு தப்பும்படி அவற்றைக் கோக்கும் ரெய்டை அமையுங்கள் என்பதுதான் கைநூல்கள் சொல்லும் முதல் பாடம். வட மாகாணத்தின் முசலிப் பக்கம், சிலாவத்துறையில் ஸ்டூடியோ வைத்திருப்பவருக்கு அது உதவாது. அவரிடம் இருப்பது கணினியிலிருந்து கழற்றிய பழைய டிஸ்க் ஒன்று, சிசிடிவி பெட்டியிலிருந்து வந்தது ஒன்று, எப்போதோ கொழும்பில் வாங்கியவை இரண்டு. இவற்றை ஒன்றாகக் கோத்தால் நம்பலாமா என்பதே அவருடைய கேள்வி.

முசலியில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, இங்குள்ள குடும்பங்கள் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் போய்ச் சேர்ந்தன. 2007இல் சிலாவத்துறைப் பக்கம் சண்டை வந்தபோது முள்ளிக்குளம் மக்களும் ஊரை விட்டுப் போக நேர்ந்தது. காணி உறுதியும் கல்யாணப் படமும் இல்லாமல் திரும்பி வந்தவர்கள் இன்று மிஞ்சியதையெல்லாம் ஸ்கேன் செய்து வைக்கிறார்கள். அந்தப் பிரதிகள் இன்னொரு முறை தொலையக் கூடாது.

சோதனைக்கு எடுத்தவை 1, 2, 4, 4 டெராபைட் டிஸ்க்குகள். கம்பெனியும் வயதும் வேறு வேறு. மொத்தம் 11 டெராபைட். பழைய டெஸ்க்டொப் ஒன்றில் லினக்ஸ் போட்டு மாட்டினேன்.

வழக்கமான ரெய்ட் 5இல் மிகச் சிறிய டிஸ்க்தான் எல்லாவற்றுக்கும் அளவுகோல். ஒவ்வொன்றிலும் 1 டெராபைட்டை மட்டும் எடுத்து, அதில் ஒரு பங்கைப் பாதுகாப்புக்கு ஒதுக்கியதும் கையில் நிற்பது 3 டெராபைட். மீதி இடம் வீண். சினாலஜி கம்பெனியின் சேமிப்புப் பெட்டிகளில் வரும் ஹைபிரிட் ரெய்ட் இதே டிஸ்க்குகளை அடுக்கடுக்காக வெட்டுகிறது: நான்கிலும் உள்ள முதல் டெராபைட்டில் ஓர் அடுக்கு, மூன்றில் உள்ள அடுத்த டெராபைட்டில் இன்னொன்று, பெரிய இரண்டின் மீதியில் ஒரு கண்ணாடிப் பிரதி. 3, 2, 2 என்று கூட்டினால் 7 டெராபைட். லினக்ஸின் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையில் உள்ள ரெய்ட் 1 ஒவ்வொரு துண்டையும் ஏதாவது இரண்டு டிஸ்க்கில் எழுதுவதால் 5.5 கிடைக்கிறது.

இடம் குறைந்தாலும் நான் பிடிஆர்எஃப்எஸ் பக்கம்தான். ஒவ்வொரு துண்டுக்கும் அது சரிபார்ப்பு எண் வைத்திருக்கிறது. இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டால் எது கெட்டது என்று அதற்குத் தெரியும். நல்லதைக் கொண்டு மற்றதைத் திருத்திவிடும். சாதாரணக் கண்ணாடி ரெய்டுக்கு அந்த அறிவு இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே 2 டெராபைட் டிஸ்க்கின் வயரைக் கழற்றினேன். ஸ்கேன் கோப்புகள் தடையின்றித் திறந்தன. ஆனால் ஒரு டிஸ்க் இல்லாமல் கணினியைத் துவக்கினால், டிகிரேடட் என்று நாமே கட்டளை கொடுத்தால்தான் திறக்கும். அதை எழுதிப் பெட்டி மேலேயே ஒட்டி வையுங்கள். அதே மென்பொருளின் ரெய்ட் 5ஐத் தொடவே வேண்டாம். நடுவில் கரண்ட் போனால் தரவு கெடும் குறை அதில் உண்டு.

அளவு வேறுபாட்டை மென்பொருள் சமாளிக்கும். கம்பெனி வேறாக இருப்பது நல்லதே: ஒரே தொகுதியில் செய்த டிஸ்க்குகள் ஒரே குறையைச் சுமந்து அடுத்தடுத்து விழக்கூடும். உண்மையான ஆபத்து எஸ்எம்ஆர் டிஸ்க்கைக் கலப்பதில் இருக்கிறது. இவ்வகையில் தடங்கள் கிடுகு வேய்ந்ததுபோல் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். நடுவில் ஒன்றை மாற்ற, மேலே கிடப்பவற்றையும் கிளப்பி மறுபடி வேய வேண்டும். படம் சேமிக்கும்போது இது தெரியாது. கெட்ட டிஸ்க்குக்குப் பதில் புதியதை மாட்டி மணிக்கணக்கில் எழுதும்போதுதான் வெளிப்படும். வினாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் 4 டெராபைட்டை எழுத ஏழரை மணி நேரம் போதும். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் அது நாட்கணக்காகலாம்; அதற்குள் இன்னொரு டிஸ்க் விழுந்தால் எல்லாம் போய்விடும். 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல், தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையானவற்றில் எஸ்எம்ஆர் இருப்பதை ஒப்புக்கொண்டது. ரெய்டுக்கென்றே விற்ற வரிசை அது. பிறகுதான் எஸ்எம்ஆர் இல்லாதவற்றை ரெட் பிளஸ் என்று பிரித்தார்கள். ஆகவே உறையில் உள்ள பெயரை நம்பாமல், மாடல் எண்ணைக் கம்பெனியின் பட்டியலில் பார்த்துவிட்டே காசு கொடுங்கள். பையில் கொண்டு திரியும் சிறிய போர்ட்டபிள் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை எஸ்எம்ஆர்தான். அவற்றைக் கழற்றி ரெய்டில் போடாதீர்கள்.

இன்னொன்று பலர் கவனிக்காதது. நாஸ் எனப்படும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிகளுக்கான டிஸ்க்குகள் கெட்ட பகுதியை வாசிக்க ஏறத்தாழ ஏழு வினாடி முயன்று விட்டுவிடும். சாதாரண டிஸ்க் ஒரு நிமிடத்துக்கு மேலும் மல்லுக்கட்டும். லினக்ஸ் இயல்பாகக் காத்திருப்பது 30 வினாடி மட்டுமே என்பதால், பிழைக்கக்கூடிய டிஸ்க்கையும் செத்ததாக எண்ணி வெளியே தள்ளிவிடலாம். அந்தக் காத்திருப்பை 180 வினாடியாக்குங்கள்.

வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். மெதுவான டிஸ்க்குக்காக மற்றவை காத்திருப்பது உண்மைதான், ஆனால் கிகாபிட் நெட்வொர்க் வழியே வினாடிக்கு ஏறத்தாழ 110 மெகாபைட்தான் போகும்.

மின்வெட்டுக்கு ஒரு யுபிஎஸ் கட்டாயம். சோளகம் உப்போடு வீசும் கரையோரத்தில், பெட்டியைக் கடல் பக்க யன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். பழைய டிஸ்க் என்றால் அது தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையை முதலில் பாருங்கள். மாற்றி ஒதுக்கிய செக்டர்கள் கூடிக்கொண்டே போனால் அது ரெய்டுக்கு ஆகாது.

ரெய்ட் என்பது பேக்கப் அல்ல. கைதவறி அழித்தால் இரண்டு பிரதியும் சேர்ந்தே அழியும். தீயும் வெள்ளமும் வந்தால் பெட்டியே போய்விடும். முசலிக் குடும்பங்கள் பலவற்றுக்குப் புத்தளத்தில் இன்னும் ஒரு வீடோ உறவோ இருக்கிறது. அங்கே இன்னொரு பிரதி வைக்க எஸ்எம்ஆர் போர்ட்டபிள் டிஸ்க் தாராளமாகப் போதும்: பிரதி எடுத்து அங்கே கொடுத்துவைத்து, அடுத்த முறை போகும்போது மாற்றி எடுத்து வாருங்கள்.

என் தீர்ப்பு இது. கையிலிருக்கும் டிஸ்க்குகள் எஸ்எம்ஆர் அல்லாதவை என்றால் தாராளமாகக் கலக்கலாம். லினக்ஸ் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் பிடிஆர்எஃப்எஸ் ரெய்ட் 1. இல்லையென்றால் ஹைபிரிட் ரெய்ட் உள்ள பெட்டி. புதிதாக வாங்கக் கொஞ்சம்தான் காசு இருக்கிறதென்றால், முதலில் அந்த 1 டெராபைட்டை எடுத்துவிட்டு இன்னொரு 4 போடுங்கள்: பிடிஆர்எஃப்எஸ்ஸில் 5.5 ஏழாகும், ஹைபிரிட்டில் 7 பத்தாகும்.