முடிவும் மூலச்சான்றும்

ஒருவர் கண்ட முடிவை ஏற்பதற்குமுன், எதைக் கொண்டு அம்முடிவுக்கு வந்தார் என்று வினவுவது கற்றோர் கடமை. சிந்துவெளி எழுத்தைப் பொறுத்தவரை இக்கடமை நெடுங்காலம் நிறைவேறாதிருந்தது. 1924இல் ஜான் மார்ஷல் அந்நாகரிகத்தை உலகிற்கு அறிவித்த நாள்தொட்டு, அதன் எழுத்தைப் படித்துவிட்டதாகக் கூறியோர் பலர். பழந்தமிழ் என்றார் ஒருவர். வடமொழி என்றார் மற்றொருவர். தமக்கு இசைந்த சில முத்திரைகளை எடுத்துக்காட்டி, இசையாதவற்றை விட்டுவிடுவது அவர்களுட் பலரின் வழக்கம். எல்லா முத்திரைகளும் தம் முன் இல்லாதபோது, படிப்பவர் அதனை எங்ஙனம் சோதிப்பார்?

இக்குறையை நீக்க முற்பட்டவர் ஐராவதம் மகாதேவன். கணிப்பொறியின் துணைகொண்டு அவர் அமைத்த சிந்துவெளி எழுத்துத் தொடரடைவை, 1977இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. 2,906 பொறிப்புகளும் 417 குறிகளும் அதில் நிரல்படுத்தப்பட்டுள்ளன. ஒரு குறியை எடுத்துக்கொண்டால், அது வரும் இடம் அனைத்தும், முன்னும் பின்னும் நிற்கும் குறிகளோடு ஒருங்கே காணக்கிடைக்கும். எவ்வூரில் கிடைத்தது, எவ்வகைப் பொருளின்மேல் உள்ளது, உடன் பொறிக்கப்பட்ட விலங்கு யாது என்பனவும் புலப்படும். சாடி போன்றதொரு குறியே மிகுதியாக வருகிறது என்பதையும், அது பெரும்பாலும் பொறிப்பின் இறுதியில் நிற்கிறது என்பதையும் எவரும் எண்ணிப் பார்த்துத் தெளியலாம்.

இந்நூலின் தலையாய சிறப்பு அதன் அடக்கமே. அவ்வெழுத்தின் மொழி திராவிடம் என்று கருதியவர் மகாதேவன். எனினும் அக்கருத்தைத் தொடரடைவினுள் அவர் புகுத்தவில்லை. குறிகளுக்கு எண் தந்தாரேயன்றி ஒலி தரவில்லை. ஆகவே அவரோடு உடன்படாதோரும் அதனைக் கையாள முடிகிறது. குறிகளின் வரிசையில் மொழிக்குரிய ஒழுங்கு உண்டென்று 2009இல் ‘சயின்ஸ்’ இதழில் ராஜேஷ் ராவ் குழுவினர் கணக்கிட்டுக் காட்டியதும் இத்தொகுப்பின் துணைகொண்டே. அக்கணக்கை மறுப்போரும் இதே எண்களை எடுத்துக்கொண்டு மறுக்கலாம். வழக்காடும் இருவர்க்கும் பொதுவான சான்று இருந்தால்தான் தீர்ப்புக்கு வழி பிறக்கும்.

அச்சு நூலாக இருந்தவரை இத்தொடரடைவு பெரிய நூலகங்களை அணுகக்கூடியோர்க்கே பயன்பட்டது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் சிந்துவெளி ஆய்வு மையம் அதனை இணையத்தில் எல்லார்க்கும் திறந்து வைத்தது. சிற்றூர்ப் பள்ளியாசிரியரும் பல்கலைக்கழகப் பேராசிரியரும் ஒரே பொறிப்பை ஒரே நேரத்தில் பார்க்கலாம் என்பது சிறு நன்மையன்று.

ஆயினும் குறை கூறாது விடுதல் நேர்மையன்று. 417 என்பது மண்ணிலிருந்து கிடைத்த எண்ணன்று. தொகுத்தவர் துணிந்த எண். சற்றே வேறுபட்ட இரு வடிவங்களை ஒரு குறியெனக் கொள்வதா, இரு குறிகளெனக் கொள்வதா? இவற்றைப் பிரித்தெண்ணிய பிரையன் வெல்ஸ் 600க்கு மேற்பட்ட குறிகளைக் கண்டார். ஆகவே, எண்ணுக்குப் பக்கத்தில் முத்திரையின் நிழற்படமும் வேண்டும். அஸ்கோ பர்ப்போலாவும் உடனுழைத்தோரும் 1987 முதல் வெளியிட்ட நிழற்படத் தொகுதிகள் இதற்கென அமைந்தவை; ஆனால் அப்பெருநூல்கள் எல்லார் கைக்கும் எட்டுவன அல்ல. மேலும், 1990 முதல் அகழப்பட்ட தோலாவிராவின் பத்துக் குறிப் பெயர்ப்பலகை 1977ஆம் ஆண்டு நூலில் இடம்பெற்றிருக்க இயலாது. திறந்து வைத்தால் மட்டும் போதாது. புதியன சேர்த்தும் வரவேண்டும்.

அகழ்ந்த குழியை மீண்டும் அகழ முடியாது. அதன் பதிவே பிற்காலத்தார்க்கு எஞ்சும் சான்று. அப்பதிவைப் பூட்டி வைப்பது கண்டெடுத்ததை மறுபடியும் புதைப்பதாகும்.

2025 ஜனவரியில், இவ்வெழுத்தைப் படித்தறிவோர்க்குப் பத்து இலட்சம் அமெரிக்க டாலர் பரிசளிக்கப்படும் எனத் தமிழக முதலமைச்சர் அறிவித்தார். பரிசை நாடி இனிப் பலரும் முடிவுகளோடு வருவர். அவற்றுள் தமிழுக்குப் பெருமை சேர்ப்பதாகத் தோன்றும் முடிவையே தமிழாசிரியர்கள் முதலிற் சோதித்தல் வேண்டும். சோதனையில் நிலைபெறும் பெருமையே தமிழுக்கு ஆக்கம் தரும்.